"அம்மா எங்கே போனாள்?" என்று கேட்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. 33 வருடம் என் பேச்சைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோ நடக்கப் பழகும் குழந்தையோ வீட்டில் இருப்பவர்கள், அடுத்த லீவுக்கு எங்காவது அறை எடுத்துத் தங்கப்போகிறவர்கள் கட்டாயம் கடைசிவரை படியுங்கள். நம் குடும்ப வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

போன மாதம் நாங்கள் ஐந்து பேர் கொடைக்கானல் போனோம். நானும் வீட்டுக்காரரும், மகனும் மருமகளும், பேரனும். பேரனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே பிள்ளைக்கு இரண்டு தரம் வாந்தி. எல்லோரும் வாடி வதங்கித்தான் போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது மாடியில் எதிரெதிரே இரண்டு அறைகள்.

அறைக்குள் நுழைந்ததும் நான் கட்டிலில் காலை நீட்டிவிட்டேன். மருமகள் உட்காரவில்லை. மேசைமேல் இருந்த மின்சாரக் கெட்டிலை வயரோடு எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே இழுத்துப்போட்டு, பால்கனிக் கதவின் மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். குளியலறை வாளியில் இருந்த தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாள். கடைசியில் எங்கள் பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு போய் அறைக் கதவை ஒட்டி நிறுத்தினாள்.

நான் சிரித்தேன். "ஏம்மா, சுத்திப் பாக்க வந்தோமா, காவல் காக்க வந்தோமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும் அத்தை" என்று அவளும் சிரித்தாள்.

மகனும் வீட்டுக்காரரும் சாப்பாடு வாங்கக் கீழே போனார்கள். பிள்ளை வாந்தி எடுத்த புடவையோடு ஐந்து மணி நேரமாக இருந்தவள் குளிக்கப் போனாள். போகும்போது, "அத்தை, அந்தப் பெட்டியை மட்டும் நகத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் நகர்த்தினேன். என் பிரஷர் மாத்திரை எதிர் அறையில் இருந்தது. பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெட்டியைத் தள்ளிவிட்டுப் போனேன், மாத்திரையை எடுத்தேன், திரும்பி வந்தேன். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. "பூட்டிக்கிச்சு, இனி என்ன" என்று பெட்டியை அங்கேயே விட்டுவிட்டேன். டிவியில் பொம்மைப் படம் போட்டுப் பிள்ளையை உட்கார வைத்தேன். மலை ஏறி வந்த களைப்பு, குளிர், கம்பளி. கண் அசந்துவிட்டது.

கதவு தட்டும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். திறந்தால், ஃப்ளாஸ்கும் கையுமாக விடுதிப் பையன் ஒருவன். அவன் தோளில் என் பேரன். "தாத்தா, தாத்தான்னு சொல்லிக்கிட்டு மாடிப்படில இறங்கிட்டு இருந்தாங்கம்மா" என்றான். அந்தப் படிக்கட்டை அப்புறம் போய்ப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே என் பேரன் தாராளமாக நுழைந்து வெளியே வரலாம். கீழே மூன்று மாடி.

இதில் என்னை இன்றுவரை தூங்கவிடாதது ஒன்று. பிள்ளையைக் காணோம் என்று நான் தேடக்கூட இல்லை. காணாமல் போனதே எனக்குத் தெரியாது.

சரி, இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன்?

ஊருக்கு வந்த மறுநாளே விஷயம் குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது தெரியுமா? "மருமகள் குளிக்கப் போயிட்டா, பிள்ளை கதவைத் திறந்துட்டு வெளியே போயிடுச்சு." அவ்வளவுதான். அறைக்குள் இருந்த நான் கதையிலேயே இல்லை. அதன்பிறகு வந்தவற்றை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. "அப்படி என்ன குளியல் அவசரம்?" என்றார் ஒருவர். "வேலைக்குப் போற பொண்ணுங்களுக்குப் பிள்ளை மேல கவனம் இருக்காது" என்றார் இன்னொருவர். "நாங்கல்லாம் அஞ்சு பெத்து வளத்தோம்" என்று ஒரு பெரியவர். கூடவே கும்பிடு போடும் பொம்மைகள். பெயர் சொல்லமாட்டேன். எழுதியவர்களுக்கு எழுதியது தெரியும்.

ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் என்று எல்லோரும் மரியாதை வைத்திருக்கிற இடத்தில் "நான்தான் தூங்கிப்போனேன்" என்று எழுதக் கை வரவில்லை. என் மருமகளும் "அத்தைதான் கூட இருந்தாங்க" என்று ஒரு வரி எழுதவில்லை. அவள் எழுதியிருந்தால்கூட நான் கோபப்பட்டிருப்பேனோ என்னவோ. அந்த அறையில் பிள்ளையின் பாதுகாப்புக்காக ஏதாவது செய்தவள் அவள் ஒருத்திதான். பழி அவள் ஒருத்திக்குத்தான். அதனால் இதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

இனி நான் சண்டை போட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைக்கு எது நடந்தாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா எங்கே போனாள்?" 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அழுதது. அப்போதும் என் காதுபட இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் குழிக்கு ஒரு மூடி இருந்திருந்தால் அம்மா எங்கே இருந்தால் என்ன? கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்தது. நாம் குழியைத் திறந்து வைத்துவிட்டு, தாயின் கண்ணை மூடக்கூடாது என்கிறோம்.

எந்தக் கண்ணாலும் 24 மணி நேரமும் பார்க்க முடியாது. தாய் குளிப்பாள், சாப்பிடுவாள், தூங்குவாள். ஒன்றாம் வகுப்பில் 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவள் சொல்கிறேன், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும் நேரத்தில் நாலு பேர் இடம் மாறியிருப்பார்கள். அதனால்தான் எங்கள் பள்ளிக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டோம். "எட்டிப் பார்க்காதே" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். நியூயார்க் நகரத்து அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் விழுந்துகொண்டே இருந்தார்கள். 1972-ல் அந்த நகரச் சுகாதாரத் துறை ஓர் இயக்கம் தொடங்கியது. அதன் பெயரே 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்பதுதான். வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஜன்னலுக்குத் தடுப்புக் கம்பிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். 1973-லிருந்து 1975-க்குள் நகரத்தின் ஒரு பகுதியில் பதிவான விழும் சம்பவங்கள் பாதியாகக் குறைந்தன. 1976-ல் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்குத் தடுப்புக் கம்பி கட்டாயம் என்று விதியே கொண்டுவந்தார்கள். இரண்டே வருடத்தில் அந்த ஊர்த் தாய்மார்களுக்கெல்லாம் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டதா? ஜன்னலுக்குக் கம்பி வந்தது. அதுதான் வித்தியாசம்.

இப்போது நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் பாத்தா வளத்தோம்?"

பார்த்துத்தான் வளர்த்தார்கள். நம் பழைய வீடுகளின் கதவை நினைத்துப் பாருங்கள். தாழ்ப்பாள் எங்கே இருந்தது? உச்சியில். வாசலில் பிள்ளை தாண்ட முடியாத நிலைப்படி. தவழும் பிள்ளைக்குக் கொலுசு போட்டது அழகுக்கு மட்டுமில்லை, எங்கே போகிறது என்று அடுப்படியில் இருப்பவளுக்குக் காது கேட்க. தப்பித் தெருவுக்குப் போனாலும் "இது இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று தூக்கி வர நாலு திண்ணைகள் இருந்தன. மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் திண்ணை இல்லை. பக்கத்து அறைக்காரருக்கு உங்கள் பிள்ளை யாரென்று தெரியாது. அந்தக் காலத்தின் பெருமையைப் பேசுபவர்கள், அந்தக் காலத்தின் மேல்தாழ்ப்பாளையும் கூட எடுத்து வாருங்கள்.

"நல்லா மிரட்டி வெச்சா போகமாட்டான்."

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் குழந்தை உளவியல் படித்து, வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன். இரண்டரை வயதுப் பிள்ளை நாம் சொல்வதைச் செய்யாது, நாம் செய்வதைச் செய்யும். கைப்பிடியை அழுத்தினால் கதவு திறக்கும் என்று என் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் அழுத்திக் காட்டிய நான்தான். மிரட்டலுக்குப் பயந்த பிள்ளை நம் கண் முன்னால் செய்யாது, அவ்வளவுதான். நாம் தூங்கும்போது செய்யும்.

"கையில ஃபோனைக் குடுத்தா அசையாது."

படம் முடியும்வரை அசையாது. நாம் அசந்துவிடுவோம். எனக்கு நடந்தது அதுதான்.

"தூங்குற பிள்ளையை அறையில விட்டுட்டுப் பத்து நிமிஷத்துல சாப்பிட்டு வந்துடலாமே."

கூடவே கூடாது. எழுந்து பார்த்து ஆள் இல்லையென்றால் பிள்ளை ஆளைத் தேடும். கதவையும் பால்கனியையும்தான் தேடும். ஒருவர் இருக்க, ஒருவர் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். இட்லி ஆறினால் ஆறட்டும்.

"கடவுள் காப்பாத்திட்டார், விடு."

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்துதான் வந்தேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பையன் ஃப்ளாஸ்க் எடுத்துக்கொண்டு மேலே வராமல் இருந்திருந்தால்? கடவுள் ஒருமுறை பையனை அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அனுப்புவார் என்று ஏட்டில் எழுதித் தரவில்லை.

இப்போது விடுதிக்காரர்களுக்கு. என் மாணவர்களிலேயே விடுதி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அறைக் கதவு அட்டை காட்டினால் திறக்கும் வகை. வெளியே இருந்து பார்த்தால் எப்போதும் பூட்டு. உள்ளே இருந்து கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்தினால் திறந்துவிடும். தீப்பிடித்தால் ஆட்கள் சட்டென்று வெளியேற வேண்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். அது சரியான ஏற்பாடுதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலத்து ஆசிரியை நான். அதை எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் கைப்பிடி இரண்டரை வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாளோ கொக்கியோ கூடுதலாக இருந்தால் இரண்டு காரியமும் நடக்கும். அவசரத்துக்குப் பெரியவர் ஒரே இழுப்பில் திறக்கலாம். பிள்ளையால் முடியாது. அந்த அறையில் அது இல்லை.

மேலாளரிடம் கேட்டேன். "மேடம், குழந்தையை நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். அதே அறையின் அலமாரிக்குள் நகை வைக்க எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. நகைக்கு மட்டும் "நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லவில்லை, பெட்டி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சில நூறு ரூபாய்த் தாழ்ப்பாள் ஒன்று பிள்ளைக்குக் கிடையாது.

பால்கனிக் கைப்பிடியில் ஏணிபோலக் குறுக்குக் கம்பி வைக்காதீர்கள். அமெரிக்கக் கட்டட விதிகளில் நாலு அங்குல உருண்டை நுழையும் இடைவெளிகூடக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே இருக்கக் கூடாது. இங்கே பிள்ளையே நுழைகிறது. குடும்பத்தோடு வருகிறார்கள் என்று படுக்கைக்கு மேலும் ஒரு படுக்கை போட்டுக் காசு வாங்கத் தெரிகிறது இல்லையா? பிள்ளையோடு வருபவர்களுக்குப் பால்கனி நாற்காலியை எடுத்து வைக்கவும் தெரிய வேண்டும்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதை என் மருமகளிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பத்து நிமிட வேலை. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், காப்பி சொல்வதற்கு முன்னால், அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் உயரத்திலிருந்து அறையைச் சுற்றிப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதது எல்லாம் தெரியும்.

1. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா, பால்கனி இல்லாத அறை உண்டா, கதவில் மேல்தாழ்ப்பாள் உண்டா. கேட்பவர்கள் அதிகமானால் போடுவார்கள்.

2. கதவில் மேல்தாழ்ப்பாள் இருந்தால் உள்ளே வந்ததும் போடுங்கள். இல்லையென்றால், உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் கனமான பெட்டியை ஒட்டி வையுங்கள். பெரியவர் ஒரு தள்ளில் நகர்த்துமளவு கனம் போதும். பூட்டிச் சாவியை ஒளித்து வைக்காதீர்கள். தீ, புகை வந்தால் இருட்டில் தேட முடியாது. கைப்பிடியில் ஒரு சின்ன மணியோ சலங்கையோ கட்டுங்கள். திறந்தால் சத்தம் வரும்.

3. பால்கனி, ஜன்னல். நாற்காலி, முக்காலி, பெட்டி எதுவும் அவற்றின் பக்கத்தில் கிடக்கக் கூடாது. பிள்ளை எதையும் ஏணியாக்கும். கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள். பால்கனிக் கதவு எப்போதும் தாழிட்டே இருக்கட்டும். கொடைக்கானலில் குரங்குக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

4. குளியலறை. வாளியில் தண்ணீர் நிற்கக் கூடாது. தலைகுப்புற விழுந்த சின்னப் பிள்ளை மூழ்க நாலு விரற்கடைத் தண்ணீர் போதும். வெந்நீர்க் குழாயை முதலில் திறக்காதீர்கள். பச்சைத் தண்ணீர் பிடித்து அப்புறம் வெந்நீர் விளாவுங்கள். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் பிள்ளையின் தோலைப் பொசுக்கிவிடும். சுட்டுவிட்டால் ஓடும் பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் தடவாதீர்கள். குளியலறைக் கதவை வெளியே இருந்து எப்போதும் சாத்தியே வையுங்கள். பிள்ளை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்ட கதைகள் எத்தனையோ.

5. வாய்க்குப் போகும் பொருட்கள். கழுவுதொட்டியிலும் அலமாரியிலும் போட்டிருக்கும் ரசக்கற்பூர உருண்டை விஷம். மிட்டாய் போலவே இருக்கும், எடுத்து எறியச் சொல்லுங்கள். கொசு மருந்துப் புட்டி, சோப்புத் துண்டு, பட்டன் பேட்டரி போட்ட ரிமோட், நம் மாத்திரைகள், எல்லாம் மேல்தட்டுக்கு. என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளே, உங்கள் மாத்திரை டப்பாவையும் சேர்த்துத்தான்.

6. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அந்தப் புகையில் வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பிள்ளைக்கு மட்டுமில்லை, மொத்தக் குடும்பத்துக்கும் ஆபத்து.

7. கடைசி, ஆனால் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. பிள்ளையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இப்ப நான் பாத்துக்கறேன்." களைப்பாக இருந்தால் "என்னால முடியலை" என்றும் சொல்லுங்கள். அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருந்தால், அவள் கணவன் திரும்பி வரும்வரை காத்திருந்து குளித்திருப்பாள். பாட்டிக்கு என்ன களைப்பு என்ற வீம்பில் நான் சொல்லவில்லை.

இதெல்லாம் அம்மாவின் வேலை என்று இந்தப் பட்டியலில் எங்கேயும் எழுதியிருக்கிறதா, பாருங்கள். கதவுக்குப் பெட்டி நகர்த்த அப்பாவுக்குக் கை இல்லையா? நாற்காலியை இழுத்துப்போட தாத்தாவுக்குத் தெரியாதா? என் மகனிடமும் இதைக் கேட்டேன். அறைக்குள் வந்ததும் அவன் முதலில் தேடியது வைஃபை எண்ணை. வளர்த்தது நான், ஆகவே அதிலும் பாதித் தப்பு எனக்கு.

மருமகளிடம் நேற்றுக் காலை சமையலறையில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அத்தை" என்று தோசையைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலேயே, "நீங்க எழுதுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். ஒன்பது நாள் அவள் காத்திருந்திருக்கிறாள். 33 வருடம் பிள்ளைகளிடம் "தப்பு செஞ்சா ஒத்துக்கணும்" என்று சொன்ன வாய் இது.

இந்தப் பதிவை நம் குடும்பக் குழுவிலும் நானே போடுகிறேன். அங்கே எழுதியவர்கள் அதை அழிக்க வேண்டாம். அதற்குக் கீழே அவள் பெயரைச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள், போதும்.

டிசம்பரில் திருச்செந்தூர் போவதாக இருக்கிறோம். என் கைப்பையில் மாத்திரை டப்பாவோடு ஒரு சின்னச் சலங்கையும் வாங்கிப் போட்டு வைத்திருக்கிறேன். அறைக்குள் நுழைந்ததும் முதலில் தரையில் உட்காரப்போவது நான்தான். முட்டி வலிக்கும். பரவாயில்லை, எழுப்பிவிட ஆள் இருக்கிறது.

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கெல்லாம் இதை அனுப்புங்கள். முக்கியமாக, அந்த வீட்டு அப்பாக்களுக்கு.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர்